லொறியும் கடனும் சாரதிக்கு

1970களில் அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றும் லொறிக் கம்பனிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். எந்தப் பாதையால் போவது, எதை ஏற்றுவது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். போகும்போது ஏற்ற அனுமதி, வரும்போது இல்லையென்றால் லொறி வெறுமையாகத்தான் திரும்பும். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அப்படியும் நடந்தது. கட்டணத்தைக் கம்பனிகள் ஒன்றுகூடி முடிவு செய்யும். 1948இலிருந்து அதற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

இதனால் நட்டப்பட்டவர்கள் வாடிக்கையாளர்கள். தொழிற்சாலைகளும் கடைகளும் கூடிய கூலி கொடுத்தன. ஆனால் அந்தக் கூடிய கூலியில் ஒரு பங்கு சாரதியின் வீட்டுக்கும் போனது. 1964இல் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத் தலைவர் ஜிம்மி ஹொஃபா நாடு முழுக்க ஒரே ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதற்குள் வந்தார்கள். (அதே ஆண்டில்தான் ஜூரிகளுக்குக் கையூட்டுக் கொடுக்க முயன்ற வழக்கில் அவர் குற்றவாளியானார். ஆள் ஒன்றும் புனிதர் இல்லை.)

அதைப் பொற்காலம் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. நல்ல சம்பளமுள்ள தூர ஓட்ட வேலைகளைப் பல கம்பனிகள் வெள்ளையருக்கே வைத்திருந்தன. கறுப்பின, ஸ்பானியப் பெயருள்ள சாரதிகளுக்கு நகரத்துக்குள் ஓடும் வேலைதான். 1977இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் கம்பனியோடு சேர்ந்து தொழிற்சங்கமும் எதிர்த்தரப்பில் நின்றது.

1980 ஜூலை 1ஆம் திகதி கட்டுப்பாடுகள் தளர்ந்தன. இப்படியான வேலை எண்டால் உடனே ரீகனைத்தான் நினைப்போம். கையெழுத்து வைத்தது ஜிம்மி கார்ட்டர், முன்னின்று பாடுபட்டவர்களில் ஒருவர் எட்வர்ட் கென்னடி. பத்து ஆண்டுகளில் கம்பனிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேலானது, கட்டணமும் விழுந்தது. வெறும் ஓட்டம் குறைந்ததால் வந்த மிச்சம் நியாயமானதுதான். மற்ற மிச்சம் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் சாரதியின் நேரத்திலிருந்து. அவருக்குச் சம்பளம் மைல் கணக்கில். வாடிக்கையாளரின் களஞ்சியத்துக்கு முன்னால் சரக்கு இறக்க நாலு மணித்தியாலம் காத்துக்கிடந்தாலும் மைல் ஓடாது, காசும் வராது. காக்க வைப்பவருக்குச் செலவில்லை, கம்பனிக்கும் செலவில்லை, பிறகு யார் அவசரப்படப் போகினம்? மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்கவும் வழியில்லை. 1938ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் அந்த உரிமையிலிருந்து மாநிலங்களுக்கிடையே ஓடும் சாரதிகளை ஏற்கெனவே விலக்கியிருந்தது.

அடுத்தது லீசிங். கம்பனியே சாரதிக்கு லொறியைக் குத்தகைக்குக் கொடுக்கும். 'இனி நீ தொழிலாளி இல்லை, சொந்தத் தொழில் செய்பவன்' என்று ஒப்பந்தம் சொல்லும். தவணை, டீசல், காப்புறுதி, திருத்தச் செலவு எல்லாம் அவர் தலையில். சரக்கு தருவதோ அதே கம்பனி, தவணையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பதும் அதே கம்பனி. ஓட்டம் குறைந்த கிழமையிலும் தவணை குறையாது.

இப்படி ஓடிய ஒருவர், குறைந்தபட்சச் சம்பளம்கூடத் தரவில்லை என்று நியூ பிரைம் கம்பனிக்கு எதிராக வழக்குப் போட்டார். ஒப்பந்தப்படி இது நடுவர் விசாரணைக்குத்தான் போகவேண்டும், நீதிமன்றத்துக்கு இல்லை என்றது கம்பனி. போக்குவரத்துத் தொழிலாளர்களின் வேலை ஒப்பந்தங்களுக்கு 1925ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தில் விலக்கு இருந்தது. 'வேலை ஒப்பந்தம்' என்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று நீதிபதிகள் பழைய அகராதிகளைப் புரட்டினார்கள். சொந்தத் தொழில் செய்பவரின் ஒப்பந்தமும் அதற்குள் அடங்கும் என்று 2019 ஜனவரியில் ஏகமனதாகத் தீர்ப்பு வந்தது. நீதிமன்றக் கதவு திறந்தது. ஆனால் அவர் தொழிலாளியா, முதலாளியா என்பதை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.