குலுங்காத வண்டியின் கதை

மனிதன் சில்லைக் கண்டறிந்த நாள் முதலாகக் குலுக்கமும் அவனுடன் கூடவே பயணஞ் செய்து வந்திருக்கின்றது. பாரத்தை இழுப்பதற்குச் சில்லு உதவிற்று; ஆனால் பாதையின் மேடு பள்ளங்கள் அனைத்தையும் வண்டியில் இருப்பவனின் முதுகெலும்பிற்கு அறிவித்ததும் அதுவே. ஐரோப்பாவின் செல்வர்கள் தங்கள் குதிரை வண்டிகளின் கூட்டைத் தோல் வார்களில் தொங்கவிட்டுப் பார்த்தனர். குலுக்கம் குறைந்தது, ஆனால் வண்டி ஊஞ்சல்போல ஆடத் தொடங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் வண்டி கட்டும் தொழில் செய்த ஒபதையா எலியற் என்பவர், வளைந்த உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீள்வட்ட வடிவான விற்களை அமைத்து உரிமை பெற்றார். தகட்டு வில் நல்லதொரு சாதனம். வில்லானது வளையும்போது தகடுகள் ஒன்றோடொன்று உராய்கின்றன. அந்த உராய்வே ஆட்டத்தை அடக்குகின்றது. ஆயினும் தகடுகளின் இடையே நீர் புகுந்து துருப்பிடித்துவிட்டால் அவை நழுவ மறுக்கின்றன. வில் வில்லாக இராமல் மரக்கட்டையாக மாறிவிடுகின்றது. மென்மையான பயணத்துக்கு மூப்பு உண்டு என்ற உண்மை அன்றே வெளிப்பட்டது.

அடுத்த மாற்றம் சில்லிலேயே நிகழ்ந்தது. 1888ஆம் ஆண்டில், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லொப் காற்றடைத்த ரயருக்கு உரிமை பெற்றார். 1895இல் மிஷெலின் சகோதரர்கள் காற்றடைத்த ரயர் பூட்டிய மோட்டார் வண்டியைப் பாரிஸிலிருந்து போர்தோ சென்று மீளும் ஓட்டப் பந்தயத்திற் செலுத்திக் காட்டினர். இவ்வளர்ச்சியில் இலங்கைக்கும் பங்குண்டு. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு றப்பர் விதைகளிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் றப்பர்ச் செய்கைக்கு அடியிட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. இன்றும் வண்டியொன்றின் மென்மையிற் பெரும்பகுதி றப்பரிலேயே தங்கியுள்ளது.

மோட்டார் வண்டியின் வேகம் பெருகப் பெருகப் புதியதொரு துன்பம் தோன்றியது. மேடொன்றை முன்சில்லு முதலில் ஏறுகின்றது. பின்சில்லு சிறிது நேரம் கழித்தே ஏறுகின்றது. ஆகவே வண்டி முன்னும் பின்னுமாகத் தலையசைத்துப் பயணிகளை அலைக்கழித்தது. இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் மொரிஸ் ஒலி என்னும் ஆங்கிலேய எந்திரவியலாளர். ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனத்தில் அனுபவம் பெற்ற இவர், 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் நிறுவனத்திற் சேர்ந்தார். பெரிய கார் ஒன்றின் முன்னும் பின்னும் இடம் மாற்றக்கூடிய பாரங்களைக் கட்டினார். விற்களின் வலிமையையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். சுகத்தை அளக்கும் கருவி அன்று இருக்கவில்லை. வண்டியில் அமர்ந்தவர்களின் உணர்வே அளவுகோலாயிற்று.

அச்சோதனைகளின் முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. முன் விற்கள் பின் விற்களை விட மென்மையாக இருத்தல் வேண்டும் என்பதே அம்முடிவு. அப்போது முன்புறம் மெதுவாக ஆடும். பிந்தி ஆடத் தொடங்கிய பின்புறம் விரைந்து ஆடி அதனை எட்டிப் பிடிக்கும். வண்டி தலையசைக்காமல் மட்டமாக எழுந்து தாழும். அதுவரை கட்டப்பட்ட வண்டிகளிலோ நிலைமை நேர்மாறாக இருந்தது. முன்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் பிணைக்கப்பட்டிருந்தமையால், முன் விற்களை மென்மையாக்கினால் சில்லுகள் நடுங்கிச் சாரதியின் கைப்பிடியையும் உலுக்கின. எனவே சில்லு ஒவ்வொன்றும் தனித்தனியே எழுந்து தாழும் அமைப்பு வேண்டியதாயிற்று. 1934ஆம் ஆண்டு வண்டிகளில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் அதனைப் புகுத்தியது.

சுகத்தை உண்டாக்குவது ஒன்று. அதனைக் காப்பது மற்றொன்று. 1955இல் வெளிவந்த ரோல்ஸ் ரோய்ஸ் சில்வர் கிளவுட் வண்டியில், சாரதியின் காலடியில் ஒரு மிதி அமைக்கப்பட்டிருந்தது. அதனை மிதித்தால் வண்டியின் அடிப்பாகத்து மூட்டுகளுக்குக் குழாய்கள் வழியே எண்ணெய் சென்றது. மிதிக்க மறந்த சாரதியின் வண்டியோ, எவ்வளவு விலைபெற்றதாயினும், காலப்போக்கில் முனகத் தொடங்கும்.

அமெரிக்காவில் 1957ஆம் ஆண்டு வெளிவந்த கடிலாக் எல்டொராடோ புரோஹம் வண்டியின் விலை 13,074 டொலர். உருக்கு விற்களுக்குப் பதிலாகக் காற்றடைத்த றப்பர்ப் பைகள் அதனைத் தாங்கின. புதிதாயிருந்தபோது அது மேகத்தில் மிதப்பதுபோற் சென்றது. ஆனால் பைகளிலும் இணைப்புகளிலும் கசிவு ஏற்பட்டது. வண்டி ஒருபுறம் சாய்ந்து கிடந்தது. உரிமையாளர் பலர் அவ்வமைப்பையே கழற்றியெறிந்துவிட்டுச் சாதாரண சுருள் விற்களைப் பூட்டிக்கொண்டனர். தமக்குப் பெருமை தேடித் தந்த அமைப்பையே அவர்கள் கைவிட நேர்ந்தது.

இதே காலத்தில் பிரான்சு நாடு வேறொரு வழியைக் கண்டது. சித்ரோயன் நிறுவனத்தில் இளமையிலேயே சேர்ந்து, தம் முயற்சியால் கற்றுத் தேர்ந்த போல் மஜேஸ் என்பவர், வாயுவையும் திரவத்தையும் இணைத்து ஒரு தாங்கியை அமைத்தார். சில்லு ஒவ்வொன்றுக்கும் ஓர் உருக்குக் கோளம்; அதன் நடுவே ஒரு றப்பர்த் திரை; திரைக்கு ஒருபுறம் அமுக்கப்பட்ட நைதரசன் வாயு, மறுபுறம் எண்ணெய். சில்லு மேலெழும்போது எண்ணெய் திரையைத் தள்ள, வாயு சுருங்கி அதிர்ச்சியை ஏற்றுக்கொள்ளும். எஞ்சினால் இயங்கும் பம்பி ஒன்று எண்ணெயைச் செலுத்துவதால், பாரம் கூடினும் குறையினும் வண்டியின் உயரம் மாறுவதில்லை. 1954இல் ஒரு வண்டியின் பின்புறத்தில் மாத்திரம் பரிசோதிக்கப்பட்ட இவ்வமைப்பு, 1955 ஒக்ரோபரில் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான டி.எஸ். வண்டியில் முழுமை பெற்றது. ஓய்ந்திருக்கும் டி.எஸ். தாழ்ந்து கிடக்கும், எஞ்சின் முடுக்கப்பட்டதும், படுத்திருந்த மாடு எழுவதுபோல, முதலிற் பின்புறமும் பின்னர் முன்புறமுமாக எழும்.

1962 ஓகஸ்ற் 22ஆந் திகதி, பாரிஸின் புறநகரான பெற்றி கிளமாரில் பிரெஞ்சு சனாதிபதி டி கோல் அவர்களின் டி.எஸ். வண்டிமீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. ரயர்கள் துளைக்கப்பட்ட நிலையிலும் சாரதி வண்டியைச் செலுத்தி அவரைக் காப்பாற்றினார். வண்டி நிலைகுலையாது சென்றமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணமென்று பலர் கருதினர்.

எனினும் டி.எஸ். வண்டியையும் மூப்பு விட்டுவைக்கவில்லை. தொடக்கத்தில் அதிற் பயன்படுத்தப்பட்ட சிவப்பு நிறத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியது. உள்ளுறுப்புகள் துருப்பிடித்துக் கசிந்தன. நிறுவனத்தார் அமைப்பைக் கைவிடவில்லை. பிழையின் மூலத்தைத் தேடினர். 1966ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் ஈரத்தை உறிஞ்சாத பச்சை நிறக் கனிப்பொருள் எண்ணெயைப் புகுத்தினர். ஒன்றுக்குரிய அடைப்பான்கள் மற்றொன்றில் ஊறிக் கெட்டுவிடும் ஆதலின், தவறு நேராதிருக்கப் புதிய பாகங்களுக்கும் பச்சை நிறமே பூசினர். இந்தத் திருத்தமே அவ்வமைப்பின் ஆயுளை நீடித்தது. ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனமும் உரிமம் பெற்று, 1965இன் சில்வர் சடோ வண்டியில் உயரங் காக்கும் பகுதியைப் பயன்படுத்தியது. டி.எஸ். உற்பத்தி 1975இல் நின்றபோதும், அதன் வழிவந்த தாங்கிகள் சித்ரோயன் வண்டிகளில் 2017 வரை நீடித்தன.

கடிலாக்கின் காற்றுப் பையும் டி.எஸ். வண்டியின் கோளமும் ஏறக்குறைய ஒரே வயதின. இரண்டும் பழுதுற்றன. முன்னது கழற்றப்பட்டது, பின்னது திருத்தப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பிழையை ஆராயும் பொறுமையிலேயே தங்கியிருந்தது.

பழைய சொகுசு வண்டிகளைப் பேணுவோருக்கும் இவ்வரலாறு பயன்படும். கோளத்தின் வாயு திரையூடாக ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கசிகின்றது. மாற்றம் மெல்ல மெல்ல நிகழ்வதால், நாள்தோறும் ஓட்டுபவர் அதனை உணர்வதில்லை; வண்டி கிழடாகிவிட்டது என்று மட்டும் எண்ணிக்கொள்கின்றார். கோளங்களுக்குப் புதிதாக வாயு நிரப்பினால் இழந்த மென்மை பெரும்பாலும் மீளும். வேறு வண்டிகளிலும் இவ்வாறே: காய்ந்து இறுகிய ரயர், வெடித்த றப்பர் புஷ், எண்ணெய் இழந்த அதிர்வடக்கி ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றிய பின்னரே வில்லைக் குறைகூற வேண்டும். வில்லை மாத்திரம் மாற்றிவிட்டு, குலுக்கம் தீரவில்லையே என்று வருந்துவோர் பலர். ஒலி அவர்களின் சோதனை உணர்த்தியதும் இதுவே: வண்டியின் சுகம் தனியொரு உறுப்பினுடையதன்று, உறுப்புகள் யாவும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்பதால் வருவது.