தருமபுரி மாவட்டத்தில் அரசு நிதியும் இலவச மருத்துவமும்

தருமபுரி மாவட்டத்தின் ஏழை நோயாளிகளுக்கு இலவச அல்லது சலுகைச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும், அரசு காப்பீட்டுத் திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளிலும், அறக்கட்டளை மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது. அரசுப் பணம் எந்த வழியில் வருகிறதோ அதற்கேற்ப இவற்றின் இலவசச் சேவை கூடுகிறது, குறைகிறது, சில வேளைகளில் தன்மையே மாறுகிறது.

அரசு நிதி எட்டாத இடத்தில் தொண்டு மருத்துவம் எப்படி எழுகிறது என்பதற்கு அரூர் வட்டத்திலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு நல்ல சான்று. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் இப்பகுதிக்கு, மருத்துவர்களான ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் 1993இல் வந்தனர். அப்போது ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 150 குழந்தைகள் ஒரு வயது முடியுமுன் இறந்தன. அருகிலிருந்த மருத்துவமனை அரூரில், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஊர்மக்கள் உதவியுடன் எழுப்பிய குடிசையில் தொடங்கிய ‘ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ பின்னர் முழு மருத்துவமனையாக வளர்ந்தது. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி தந்து நலப்பணியாளர்களாக்கியதுதான் இதன் பெரிய சாதனை. குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்ததில் கட்டில்களைவிட வீடுவீடாகச் சென்ற இப்பெண்களின் பங்கே பெரிது.

மாவட்டத் தலைநகரில் 2008இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2009இல் தமிழ்நாடு அரசின் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. பின்னது 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. காப்பீட்டு அட்டை பெறக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் பணம் பெறுகின்றன.

முன்பு தருமமாகச் செய்த அறுவைச் சிகிச்சைக்கு இன்று காப்பீடு நிர்ணயித்த தொகை கிடைப்பதால், அந்த அளவுக்கு மருத்துவமனையின் நன்கொடைப் பணம் மிஞ்சுகிறது. இதேபோல், அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு காப்பீட்டுத் திட்டமான மெடிக்கெய்ட் 2014இல் விரிவாக்கப்பட்டபோது, அதை ஏற்ற மாநிலங்களில் மருத்துவமனைகள் சுமந்த வசூலாகாத செலவு குறைந்தது. மகாராஷ்டிரம் வேறு வழியில் செல்கிறது: அங்கே அறக்கட்டளை மருத்துவமனைகள் ஏழைகளுக்கு 10 விழுக்காடு கட்டில்களை இலவசமாகவும், இன்னொரு 10 விழுக்காட்டைச் சலுகையிலும் ஒதுக்கியாக வேண்டும்.

தமிழ்நாட்டில் காப்பீட்டுப் பணம் பெரும்பாலும் பட்டியலிட்ட உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கே செல்கிறது. காய்ச்சலுக்கு வரும் புறநோயாளி, உடன் வருபவர் இழக்கும் கூலி, மலையிறங்கும் பேருந்துச் செலவு ஆகியவை அதற்குள் அடங்குவதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்களுக்கான மருந்துகளை 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. சரியான திசையிலான முயற்சி இது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களுக்கு அறுவைச் சிகிச்சைக்கான தொகை மட்டும் போதாது; கிராமங்களில் நடந்து திரியும் நலப்பணியாளரின் ஊதியத்துக்கும் அரசு நிதி ஒதுக்க வேண்டும்.