செருப்பு கிடந்த இடம்



டவுன்ல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா முதல்ல கண்ணுல படறது கதவுக்கு வெளியே நிக்கிற செருப்பு ஸ்டாண்டுதான். மூணு தட்டு, நாலு தட்டு. ஆபீசுக்கு ஒரு ஷூ, காலைல நடக்கப் போக ஒண்ணு, கல்யாணம் காட்சிக்கு ஒண்ணு, பாத்ரூமுக்கு ஒண்ணு. அடுக்குமாடில அந்த ஸ்டாண்டு பக்கத்து வீட்டு வாசல்ல நீட்டிக்கிட்டு நின்னு, அதனால ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னுபோனதையும் பார்த்திருக்கேன்.

எங்க தாராபுரம் பக்கத்துப் பழைய வீடுகளை நினைச்சுப் பாருங்க. தானியத்துக்குக் குதிர், விளக்குக்கு மாடம், உலக்கைக்கு ஒரு மூலை, மாட்டுக் கயித்துக்கு ஒரு முளைக்குச்சி. எல்லாத்துக்கும் இடம் பார்த்துக் கட்டினவங்க செருப்புக்குன்னு ஒரு பொந்துகூட வைக்கலை. மறந்துட்டாங்கன்னு சொல்ல முடியாது. அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு.

பதினோரு பேருக்கு மூணு ஜோடி

முதல் காரணம் லேசானது. வைக்கிறதுக்குச் செருப்பே இல்லை.

எங்க அப்பாரு காலத்துல, அதாவது அப்பாவோட அப்பா காலத்துல, எங்க வீட்டுல 11 பேர். செருப்பு மூணு ஜோடி. அப்பாருக்கு ஒண்ணு, பெரியப்பாவுக்கு ஒண்ணு, முள்ளுக் காட்டுக்குப் போறவன் எவனோ அவன் போட்டுக்க ஒண்ணு. பொம்பளைங்களுக்குக் கிடையாது, பசங்களுக்கும் கிடையாது. எங்க அம்மிச்சி சாகற வரைக்கும் செருப்புப் போட்டதில்லை. சந்தைக்கு ஏழு மைல் வெறுங்காலோட போயிட்டு வருவாங்க. பாதம் பாளம் பாளமா வெடிச்சிருக்கும், ராத்திரி வேப்பெண்ணெய் தடவிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பெரியவங்க முன்னாடி பொம்பளை செருப்புப் போட்டு நடந்தா திமிருன்னு பேசுற காலம் அது.

வெறுங்காலு உடம்புக்கு நல்லதுன்னு இப்போ சிலர் எழுதறாங்க. புல்தரையில சரி. ஆனா ஈர மண்ணுல வெறுங்காலோட வேலை செய்யறவங்களுக்குக் கொக்கிப்புழு பாதத்துத் தோல் வழியாவே உள்ளே போகும். குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சி ஆளைச் சோகையாக்கிடும். 1920கள்ல சென்னை மாகாணத்துல ராக்பெல்லர் அறக்கட்டளை அரசாங்கத்தோட சேர்ந்து இதை ஒழிக்கத் தனியா வேலையே செஞ்சது. ராத்திரி மடை மாத்தப் போறவன் காலடியில கண்ணாடி விரியன் கிடக்கிறதும் எங்களுக்குப் புதுசில்லை. அதனால செருப்பு அந்தஸ்துக்கு மட்டும் உள்ளதுன்னு நினைச்சுடாதீங்க. உழைக்கிற ஆளுக்கு அது உசுருக் காப்பு.

இருந்த மூணு ஜோடியும் எங்கே கிடக்கும்? திண்ணைக்குக் கீழே இல்லைன்னா கட்டுத்தரையில. சாணியும் முள்ளும் ஒட்டின பொருளை உள்ளே கொண்டுவரக் கூடாது. வாசல்ல அண்டாவுல தண்ணி இருக்கும், கால் கழுவிட்டுத்தான் ஆசாரத்துல ஏறணும். தோல் செருப்புன்னா நாய்க்கு ரொம்ப இஷ்டம், எலியும் விடாது. அதனால கட்டுத்தரைச் சுவர்ல ஒரு முளை அடிச்சு வார்ல மாட்டிவிடுவாங்க. புதுச் செருப்பு கடிக்கும்னு விளக்கெண்ணெய் தடவி ரெண்டு நாள் ஊறவிட்டுத்தான் கால்ல போடுவாங்க.

பாதுகையும் செருப்பும்

ரெண்டாவது காரணம், அது செத்த மாட்டுத் தோல், அதனால தீட்டுன்னு வெச்சிருந்தாங்க. ஆனா நம்ம பழைய கதைகளைப் பார்த்தா இந்தத் தீட்டு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்லை.

பத்துப்பாட்டுல ஒண்ணான பெரும்பாணாற்றுப்படையில ஆடு மாடு மேய்க்கிறவர் காலைச் சொல்லும்போது செருப்புக்குத் ‘தொடுதோல்’னு பேர் வருது. ராமாயணத்துல பரதன் அண்ணனோட பாதுகையைச் சிம்மாசனத்துல வெச்சுட்டு 14 வருசம் நந்திக்கிராமத்துல இருந்தான். பெருமாள் கோயில்ல நம்ம தலைமேல வைக்கிற சடாரியில பாதம்தான் பொறிச்சிருக்கும். வேதாந்த தேசிகர் அந்தப் பாதுகையைப் பத்தியே 1008 சுலோகம் எழுதினார். பெரியபுராணத்துல கண்ணப்பர் காளத்தி நாதரோட முடியில இருந்த பூவைச் செருப்புக் காலாலேயே தள்ளினார், சாமி கோவிச்சுக்கலை.

இதைவிட எனக்கு ரொம்பப் பிடிச்சது முத்துப்பட்டன் கதை. திருநெல்வேலிச் சீமையில வில்லுப்பாட்டா பாடறாங்க. பிராமணப் பையன் முத்துப்பட்டன், வாலப்பகடையோட பொண்ணுங்க பொம்மக்கா, திம்மக்கா ரெண்டு பேரையும் பார்த்து ஆசைப்படறான். அப்பன்காரர் ஒத்துக்கலை. பூணூலைக் கழட்டணும், குடுமியை எடுக்கணும், செருப்புத் தைக்கக் கத்துக்கணும்னு சொல்றார். அத்தனையும் செஞ்சுட்டு வந்துதான் கட்டிக்கிறான். பின்னாடி மாடு திருட வந்தவங்களோட சண்டை போட்டுச் சாகறான். பாபநாசத்துக்கு மேல காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில்ல அவனைப் பட்டவராயனா கும்பிடறாங்க. அங்கே காணிக்கையே தோல் செருப்புதான். புதுச் செருப்பு வாங்கிட்டு வந்து சன்னதியில கட்டறாங்க. அடுத்த வருசம் போய்ப் பார்த்தா, சாமி போட்டு நடந்து தேஞ்சிருக்கும்னு நம்பிக்கை.

செருப்பை வாசல்லயே விட்டுட்டுப் போற நம்ம நாட்டுல, செருப்பை உள்ளே கட்டித் தொங்கவிடற கோயிலும் ஒண்ணு இருக்கு. தோல் தீட்டுன்னா அங்கே மட்டும் எப்படி இல்லாம போச்சு? அதனாலதான் சொல்றேன், சிக்கல் தோல்ல இல்லை, அது யாரு காலுங்கறதுலதான்.

தைச்சவருக்கு இல்லாத செருப்பு

எங்க ஊருக்குச் செருப்புத் தைச்சது வளவுல இருந்த ஒரு அருந்ததியர் குடும்பம். அவங்களுக்குச் செருப்பைவிடப் பெரிய வேலை கவலை இறைக்கிற கிணத்துலதான். சாலோட அடியில தைக்கிற தோல் வால் அவங்க கைவேலை. அந்தத் தோல் கிழிஞ்சா அன்னைக்குப் பாசனம் நின்னுபோகும். கூலி காசா வராது, அறுப்புக் களத்துல தானியமா அளந்து போடுவாங்க. அந்த அளவுக்குள்ளேயே வருசத்துக்குச் செருப்பும் அடக்கம்.

தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை. எங்க மேட்டுக்காட்டுல தானா முளைக்கிற செடி. சென்னை மாகாணத்துல இருந்து கப்பலேறின தோல்ல பெரும்பகுதி இந்தப் பட்டையில பதமானதுதான். பின்னாடி வாட்டில் பட்டை வந்தது, குரோம் உப்பு வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு ஊர் பேரே தோலால பெருசாச்சு. 1948ல சென்னையில மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் வந்தது.

ஆனா செருப்பைத் தைச்ச குடும்பம் அதைப் போட்டுக்கிட்டு எங்க வீதியில நடக்க முடியாது.

இது எங்க ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 1930 டிசம்பர்ல ராமநாதபுரம் மாவட்டத்துல ஆதிக்க சாதிக்காரங்க ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடை போட்டாங்க. தங்கம், வெள்ளி போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை கூடாது. மண்சட்டி தவிர வேற பாத்திரம் கூடாது. அந்தப் பட்டியல்லயே குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாதுங்கறதும் இருக்கு. அடுத்த வருசம் தடை பதினொண்ணு ஆச்சு. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையரா இருந்த ஹட்டன் இதைத் தன்னோட புத்தகத்துல பதிஞ்சு வெச்சிருக்கார்.

சுதந்திரம் வந்தது. அரசியல் சட்டம் 17ஆவது பிரிவுல தீண்டாமையை ஒழிச்சது. 1955ல அதுக்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. நான் பொறந்தது அதுக்கெல்லாம் பல வருசம் கழிச்சு. ஆனாலும் சின்ன வயசுல நானே கண்ணால பார்த்திருக்கேன். எங்க வீதி ஆரம்பிக்கிற இடத்துல ஒரு புங்கமரம் இருந்துச்சு. வளவுல இருந்து வர்றவங்க அந்த மரத்தடியில செருப்பைக் கழட்டிவிட்டுட்டுத்தான் வீதிக்குள்ள வருவாங்க. சில பேர் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்குவாங்க. சித்திரை வெயில்ல தார் ரோடு கொதிக்கும், அப்பவும் அப்படித்தான். எங்க அப்பாவைவிட மூத்தவங்களைக்கூட வீதியில பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க.

காலையில பத்துப் பன்னண்டு ஜோடி அந்த மரத்தடியில வரிசையா கிடக்கும். எங்க ஊரோட முதல் செருப்பு ஸ்டாண்டு அதுதானுங்க.

ரப்பர் வந்த கதை

இதை மாத்தினதுல மூணு விசயம் சேர்ந்துச்சு.

ஒண்ணு பம்ப்செட். கரண்ட் வந்ததும் கவலை போச்சு, தோல் வாலும் போச்சு. தைச்சுக்கிட்டிருந்த குடும்பத்துக்குக் களத்துத் தானியம் நின்னுபோச்சு. அது அவங்களுக்கு ரொம்பக் கஷ்டமான காலம். ஆனா ஊர்க்காரங்களை எதிர்பார்த்து நிக்கிற கட்டும் அதோட அறுந்துச்சு.

ரெண்டு ஹவாய் செருப்பு. அதுக்கு முன்னாடியே பழைய லாரி டயர்ல வெட்டின டயர் செருப்பு இருந்துச்சு, கனம் ஜாஸ்தி. வெள்ளை அடியும் நீலப் பட்டையுமா ரப்பர் செருப்பு வந்த பிறகு கதையே மாறிப்போச்சு. யாரும் தைச்சுக் கொடுக்க வேண்டாம், சந்தையில காசு கொடுத்தா கிடைக்கும். தோல் இல்லை, அதனால தீட்டுப் பேச்சும் கொஞ்சம் அடங்கிச்சு. பொம்பளைங்க கால்ல முதல்ல ஏறினதும் இதுதான். பட்டை அறுந்தா ஒரு ஊக்கைக் குத்தி இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம். எல்லார் செருப்பும் ஒரே மாதிரி இருந்ததால கம்பியைக் காய்ச்சி அடியில எழுத்துப் போட்டு வெச்சுக்குவோம்.

மூணு திருப்பூர். 1980கள்ல பனியன் கம்பெனிங்க பெருகினப்போ வளவுப் பசங்க நிறையப் பேர் வேலைக்குப் போனாங்க. அதுல ஒருத்தர் பொங்கல் லீவுக்கு வந்தப்போ ஷூவோட எங்க வீதி வழியா சைக்கிள்ல போயிட்டார். மறுநாள் பஞ்சாயத்துக் கூட்டினாங்க, கூப்பிட்டு ஆள் விட்டாங்க. அவர் வரவே இல்லை. அவங்க அப்பாகிட்ட, களையெடுப்புக்கு உங்க வீட்டுல யாரையும் கூப்பிட மாட்டோம்னு சொன்னாங்க. அந்த வருசம் அந்த வீடு பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ஆனா அடுத்த பொங்கலுக்கு நாலு பேர் செருப்போட வந்தாங்க. அதுக்கடுத்த வருசம் எண்ணறதுக்கே ஆள் இல்லை. மரத்தடி மெல்ல மெல்லக் காலியாச்சு. ரோடு அகலம் பண்ணினப்போ மரத்தையும் வெட்டிட்டாங்க.

1989ல வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் செருப்போட நடந்ததுக்கு அடிச்சாங்கன்னு எங்கேயாவது ஒரு செய்தி இப்பவும் பேப்பர்ல வருது, படிச்சிருப்பீங்க.

இப்போ அரசுப் பள்ளிக்கூடத்துல பசங்களுக்குச் செருப்பு விலையில்லாம கிடைக்குது. வளவுப் பொண்ணும் எங்க வீதிப் பையனும் ஒரே மாதிரி செருப்போட போறாங்க. அதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோசம்.

இப்போ எங்க வீட்டுல

இப்போ நாங்க ஆறு பேர். போன வாரம் எண்ணினேன், 17 ஜோடி. வழியில தட்டிவிட்டுக்கிட்டே இருந்ததால திண்ணைக்குக் கீழே கடப்பாக்கல்லுல ரெண்டு தட்டு வெச்சுக் கட்டினேன். உபயோகமா இருக்கும்னு நாங்க செய்யறதைச் சொல்றேன்.

காட்டுச் செருப்பும் கம்பூட்ஸும் கீழ்த்தட்டு. வெளியூருக்குப் போடறது மேல்தட்டு. மருந்து அடிக்கப் போட்ட பூட்ஸை மத்ததோட சேர்க்கறதில்லை, கழுவிக் கட்டுத்தரைப் பக்கம் தனியா வைக்கிறோம். மழைக்காலத்துல ஈரத்தோட அடுக்கினா பூஞ்சை பிடிக்கும். நிழல்ல காயவெச்சு அப்புறம் வைங்க, தோலை நேரா வெயில்ல போட்டா வெடிச்சுப்போகும். பிளாஸ்டிக் பையில கட்டி வைக்காதீங்க, காத்துப் போகணும். பூட்ஸுக்குள்ள காலை விடறதுக்கு முன்னாடி கவுத்து ரெண்டு தட்டு தட்டுங்க. தேளும் பூரானும் அங்கேதான் சுகமா படுத்திருக்கும்.

அந்தத் தட்டுல ஒரு பகுதியைக் காலியா விட்டிருக்கேன். வேலைக்கு வர்றவங்க, விருந்தாளி, யாரா இருந்தாலும் அங்கேயே விடலாம். வேலைக்கு வர்றவங்க முதல்ல தயங்கினாங்க, சில பெரியவங்க இன்னும் ரோட்டோரமாவே விட்டுட்டு வர்றாங்க. “அண்ணா, இங்கே விடுங்க”ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கு. சொல்லிக்கிட்டு இருக்கேன்.

உங்க வீட்டுல பாட்டி, அம்மிச்சி, அப்பத்தா யாராவது இருந்தா ஒண்ணு கேட்டுப் பாருங்க. முதல் செருப்பு எத்தனை வயசுல போட்டீங்க, யாரு வாங்கிக் கொடுத்தாங்க, அதைப் போட்டுக்கிட்டு எந்த வீதி வழியா நடந்தீங்க? எங்க அம்மிச்சிகிட்ட நான் கேட்டு வெச்சுக்கலை, அவங்க போயிட்டாங்க. உங்களுக்கு இன்னும் ஆள் இருந்தா இந்த ஞாயித்துக்கிழமையே கேட்டுருங்க.