மருத்துவக் கஞ்சா: எந்த வயதில், யாருக்கு, யார் எழுதிக் கொடுக்கலாம்?

"லண்டனில் சின்னப் பிள்ளைகளுக்கும் கஞ்சா மருந்து கொடுக்கிறார்களாம்" என்ற தகவல் வட்ஸ்அப் குழுமங்களில் அவ்வப்போது சுற்றி வருகிறது. அதை நம்பி, இணையத்தில் விற்கப்படும் எண்ணெய்ப் போத்தல்களைப் பற்றி விசாரிக்கும் பெற்றோரும் நம்மத்தியில் இருக்கிறார்கள். வலிப்பு நோயுள்ள மாணவர் ஒருவரின் தாய் என்னிடமே இதைக் கேட்டார். நான் வைத்தியர் அல்ல, ஆசிரியர். ஆயினும் இந்த விடயத்தில் சட்டம் என்ன சொல்கிறது, வயது எல்லை எங்கிருந்து வருகிறது என்பதை நிதானமாகத் தெரிந்துகொள்வது நம் எல்லோருக்கும் நல்லது.

முதலில் ஒரு வேறுபாடு

கஞ்சாச் செடியில் பல இரசாயனங்கள் உள்ளன. அவற்றில் இரண்டு முக்கியமானவை. போதையைத் தருவது டி.எச்.சி. மற்றையது சி.பி.டி. எனப்படும் கன்னாபிடியோல், இது போதை தருவதில்லை. பிள்ளைகளுக்கான மருந்து என்று உலகில் முறைப்படி அங்கீகாரம் பெற்றிருப்பது, சி.பி.டி.யைச் சுத்திகரித்துத் தயாரிக்கப்படும் 'எபிடியோலெக்ஸ்' என்ற வாய்வழித் திரவமாகும். புகைக்கும் கஞ்சாவையும் இதையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பமே ஆரம்பமாகிறது.

பிரித்தானியாவின் நிலை

2018 நவம்பர் 1 முதல் பிரித்தானியாவில் கஞ்சா சார்ந்த மருந்துகளை எழுதிக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்தச் சட்டத்தில் குறைந்தபட்ச வயது என்று எதுவும் இல்லை. கட்டுப்பாடு வைக்கப்பட்டிருப்பது எழுதுபவர் மீது. விசேட வைத்திய நிபுணர்களின் பதிவேட்டில் உள்ள ஒருவரே சிகிச்சையை ஆரம்பிக்க வேண்டும். சாதாரண குடும்ப வைத்தியர் ஆரம்பிக்க முடியாது. நோயாளி சிறுவராக இருந்தால், உயர்நிலை வைத்தியசாலையில் பணியாற்றும் சிறுவர் நோய் நிபுணரே ஆரம்பிக்க வேண்டும் என 2019 நவம்பரில் வெளியான தேசிய வழிகாட்டல் கூறுகிறது.

வயது எல்லை ஒவ்வொரு மருந்தின் அனுமதியிலும் தனித்தனியாக வருகிறது:

- எபிடியோலெக்ஸ்: 2 வயதும் அதற்கு மேலும். அதுவும் டிராவே, லெனொக்ஸ்-கஸ்டோ ஆகிய இரு கடும் வலிப்பு நோய்களுக்கும், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பரம்பரை நோயால் வரும் வலிப்புக்கும் மட்டுமே. முதலிரண்டிலும் குளோபசாம் என்ற மருந்துடன் சேர்த்தே தரப்படும்.
- நபிலோன்: 18 வயதுக்கு மேல். புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் கட்டுக்கடங்காத வாந்திக்கு.
- சடிவெக்ஸ்: 18 வயதுக்கு மேல். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் ஏற்படும் தசை இறுக்கத்துக்கு.

கனடாவும் கொலராடோவும்

கனடாவில் 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சா விற்பனை சட்டபூர்வமானது. கடையில் வாங்குவதற்கு மாகாணத்தைப் பொறுத்து 18, 19 அல்லது 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மருத்துவத் தேவைக்கு வயது எல்லை இல்லை. சிறுவருக்கு வைத்தியரின் அனுமதியும், பொறுப்பேற்கும் ஒரு பெரியவரும் தேவை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு இரண்டு வைத்தியர்களின் பரிந்துரையும் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். 2022 முதல் 18 தொடக்கம் 20 வயது வரையானோருக்கும் பொதுவாக இரு வைத்தியர்கள் என்ற விதி வந்தது. செறிவூட்டப்பட்ட கஞ்சாவை ஏனைய நோயாளிகள் நாளொன்றுக்கு 8 கிராம் வரை வாங்கலாம். இவர்களுக்கு 2 கிராம் மட்டுமே. அதாவது 18 வயதானதும் கதவு முழுமையாகத் திறந்துவிடுவதில்லை.

இந்த வயது எங்கிருந்து வருகிறது?

இதுதான் பலருக்கும் தெரியாத விடயம். டிராவே, லெனொக்ஸ்-கஸ்டோ நோய்களுக்கான ஆய்வுகளில் 2 வயதுக்கு மேற்பட்டவர்களே சேர்க்கப்பட்டார்கள். எனவே 2018இல் அமெரிக்கா 2 வயது என்று அனுமதித்தது. பின்னர் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் ஆய்வில் 1 வதுக் குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். 2020 ஜூலையில் அங்கு எல்லை 1 வயதாகக் குறைந்தது. ஆகவே அந்த எண், எதுவரை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. "இரண்டு வயதானால் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கலாம்" என்பது அதன் பொருளல்ல.

டி.எச்.சி. விடயத்தில் எச்சரிக்கை இன்னும் அதிகம். மனித மூளை சுமார் 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. இளம் வயதில் தொடர்ந்து கஞ்சா பாவிப்பது நினைவாற்றலையும் கற்றலையும் பாதிப்பதோடு, மனப்பிறழ்வு நோய்க்கான அபாயத்தையும் கூட்டுகிறது. வகுப்பறையில் நிற்கும் எனக்கு இது வெறும் ஏட்டுத் தகவல் அல்ல.

சி.பி.டி.யும் பக்கவிளைவு இல்லாதது அல்ல. தூக்கக் கலக்கம், பசியின்மை, வயிற்றோட்டம் வரலாம். வல்புரோவேட் எடுக்கும் பிள்ளைக்கு ஈரல் பாதிக்கப்படும் சாத்தியம் கூடுகிறது. அதனால் இரத்தப் பரிசோதனை அவசியம். நம் நாட்டில் வலிப்புக்கு வல்புரோவேட் எடுக்கும் பிள்ளைகள் பலர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எபிடியோலெக்ஸில் நல்லெண்ணெயோடு சிறிதளவு எதனோலும் கலந்திருக்கிறது. மார்க்க ரீதியாக இதுபற்றிக் கேள்வி உள்ளவர்கள், வைத்தியரிடம் மாற்று மருந்து உண்டா என்று கேட்டறிந்து, அந்தப் பதிலோடு ஆலிம்களை அணுகுவது முறை.

நமது நாட்டில்

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கஞ்சாவை வைத்திருப்பதே குற்றம். ஆயுர்வேத வைத்தியர்கள் மருந்து தயாரிக்க அனுமதியுடன் பெறுவது ஒரு விதிவிலக்கு. வெளிநாட்டிலுள்ள உறவினர் "அங்கே சட்டபூர்வம்தானே" என்று போத்தலைப் பையில் வைத்து அனுப்பினால், விமான நிலையத்தில் அந்த வாதம் எடுபடாது.

பிள்ளைக்கு இரண்டு மூன்று மருந்துகள் கொடுத்தும் வலிப்பு அடங்கவில்லை என்றால், சிறுவர் நரம்பியல் நிபுணரிடம் அனுப்பும்படி உங்கள் வைத்தியரைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஏற்கெனவே கொடுத்துவரும் மருந்தை எந்தக் காரணம் கொண்டும் திடீரென நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அடையாளம் தெரியாத எண்ணெய்ப் போத்தலில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை விற்பவரே அறியாதிருக்கலாம். எந்த நாட்டுச் சட்டத்தை எடுத்துப் பார்த்தாலும் வயதுக்கு முன்னதாக ஒரு வைத்தியரின் பெயர் நிற்கிறது. பெற்றோர் முதலில் தேட வேண்டியதும் அதைத்தான்.