வானொலி ஈந்த அதிர்வு

1955-இல் ஜெனித் கம்பெனியின் யூஜீன் பாலி, வெளிச்சத்தைப் பாய்ச்சித் தொலைக்காட்சியை ஆட்டிவைக்கும் துப்பாக்கி வடிவ ரிமோட்டைச் செய்தார். ஆனால் ஜன்னல் வழியே விழுந்த சூரிய கிரணமும் சானலை மாற்றிவிடவே அது நிலைக்கவில்லை. மறு வருஷம் அதே கம்பெனியின் ராபர்ட் அட்லர், அலுமினியத் தண்டுகளைத் தட்டிக் காதுக்கெட்டாத ஒலியெழுப்பும், பாட்டரியே வேண்டாத சாதனத்தைக் கொணர்ந்தார். அகச்சிவப்புக் கிரணம் பிற்பாடு வந்ததுதான்.

பழைய அகச்சிவப்பு ரிமோட்டைப் பிரித்தால், ரப்பர்ப் பொத்தான்களின் அடியில் கரிப்பொட்டுகளும், பலகையோரத்தில் பெரும்பாலும் 455 என்று பொறித்த சின்னஞ்சிறு பீங்கான் உறுப்பும் தென்படும். ஏ.எம். வானொலிப் பெட்டிகளின் இடைநிலை அதிர்வெண் 455 கிலோஹெர்ட்ஸாக இருந்தமையால் ஏராளமாய் உற்பத்தியாகி மலிந்துகிடந்த அவ்வுறுப்பையே ரிமோட் செய்தவர்கள் கைக்கொண்டார்கள். அந்த 455-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் ஏறத்தாழக் கிடைப்பதே, ரிமோட்டின் கிரணத்தைத் துடிக்கவைக்க இன்று சர்வசாதாரணமாக வழங்கும் 38 கிலோஹெர்ட்ஸ் அலை. சாஸ்திரம் விதித்த எண் என்று நாம் மதிப்பது, உண்மையில் மலிவு விதித்த எண்!

1987-இல் ஆப்பிள் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், பிற ரிமோட்டுகள் இப்படி அனுப்பும் சமிக்ஞைகளைக் கற்றுக்கொள்ளும் ‘கோர்’ என்ற சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கைவேலைப் பிரியர்களோ, கழித்துப்போட்ட வீடியோப் பெட்டியிலிருந்து பெயர்த்தெடுத்த மூன்றுகால் அகச்சிவப்பு ஏற்பியைக் கணினியின் சீரியல் போர்ட்டில் பற்றவைத்து, அதே வித்தையைச் சொற்பச் செலவில் சாதித்துக்கொண்டார்கள்.