ஆசியப் பாதுகாப்பு உயர்கல்வியில் இராமநாதபுரம் கடல்

ஆசிய நாடுகளின் அரசியலையும் பாதுகாப்பையும் முதுகலை, முனைவர் பட்ட நிலையில் கற்பிக்கும் துறைகள் இந்தியாவில் விடுதலைக்குப் பின் வளர்ந்தன. தமிழகத்தில் இத்துறைக்கு மிக அருகில் அமைந்த ஆய்வுக்களம் இராமநாதபுரம் மாவட்டக் கடல். ஒரு கடல் எல்லை கரையில் வாழ்பவரின் தொழிலை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு அது சான்றாக உள்ளது.

கல்வி நிறுவனங்கள்

1947-ல் டெல்லியில் ஆசிய உறவுகள் மாநாடு நடைபெற்றது. 1955-ல் அங்கு இந்தியப் பன்னாட்டு ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டது. அ. அப்பாதுரை அதன் முதல் இயக்குநர். 1970-ல் அப்பள்ளி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம் அமைந்தபோது வி. சூரியநாராயண் அதன் நிறுவன இயக்குநரானார். டெல்லியிலிருந்து பார்க்கும்போது எல்லைச் சிக்கலாகத் தெரிந்த பாக் நீரிணை, சென்னையில் நடந்த ஆய்வுகளில் மீனவர் வாழ்வாகவும் பதிவாயிற்று.

எல்லை ஆவணங்கள்

இக்கடலை ஆராயும் மாணவர் மூன்று ஆவணங்களைச் சேர்த்துப் படிக்கவேண்டும்.

முதலாவது 1921-ம் ஆண்டுப் பேச்சுவார்த்தை. சென்னை மாகாணமும் இலங்கையும் மீன்பிடிப்புக்காக ஒரு கோட்டை வகுத்தன. அக்கோடு கச்சத்தீவுக்கு மேற்கே சென்றது. ஆனால் அந்த உடன்பாடு முறைப்படி ஏற்கப்படவில்லை. தீவு இராமநாதபுரம் ஜமீனுக்கு உரியது என்ற வாதமும் தொடர்ந்தது.

இரண்டாவது இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் 1974 ஜூனில் செய்துகொண்ட ஒப்பந்தம். இது பாக் நீரிணையில் எல்லையை வகுத்தது; கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சென்றது. இந்திய மீனவர்களும் பக்தர்களும் பயண ஆவணமின்றித் தீவுக்குச் செல்லலாம் என்றது ஐந்தாவது பிரிவு. இரு நாட்டுக் கலங்களுக்கும் மரபு வழி உரிமைகள் உண்டு என்றது ஆறாவது பிரிவு. மீன்பிடி உரிமை என்று எங்கும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை.

மூன்றாவது 1976 மார்ச் 23 அன்று கையெழுத்தான ஒப்பந்தம். இது மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லையை வகுத்தது. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிய கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றன.

பொதுப்பேச்சில் 1974 மட்டுமே பெரிதாக நிற்கிறது. ஆனால் சாயல்குடியை அடுத்த மாரியூர் மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள ஊர்; அவ்வூர்க் கடலின் எல்லை 1976-ல்தான் வகுக்கப்பட்டது. அக்கடிதங்கள் பாக் நீரிணைக்கும் பொருந்துமா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. இரு ஒப்பந்தங்களும் அரசுகளுக்கு இடையே முடிவாயின. மீனவர் அவற்றில் ஒரு தரப்பாக இல்லை.

கரையின் மாற்றம்

1960-கள் முதல் தமிழகக் கரையில் விசைப்படகுகளும் இழுவை வலைகளும் பெருகின. இறால் ஏற்றுமதி இதற்கு ஊக்கம் தந்தது. இலங்கைப் போரின்போது வடபகுதி மீனவர்கள் கடலுக்குச் செல்லப் பல கட்டுப்பாடுகள் இருந்தன. 2009-ல் போர் முடிந்து அவர்கள் தொழிலுக்குத் திரும்பியபோது இழுவைப் படகுகளால் தங்கள் வலைகள் அறுபடுவதாக முறையிட்டனர். இவ்வாறு இரு நாட்டுச் சிக்கல், இரு கரைத் தமிழ் மீனவருக்கு இடையிலான சிக்கலாகவும் ஆனது. 2017-ல் இலங்கை அடிமடி இழுவை மீன்பிடிப்பைத் தடை செய்தது.

ஆய்வின் பயன்

சூரியநாராயண் 1994-ல் கச்சத்தீவையும் இந்திய மீனவர் சிக்கலையும் பற்றிய நூலை வெளியிட்டார். தீவை நிரந்தரக் குத்தகையாகப் பெறுவது, உரிமம் பெற்ற இந்திய மீனவரை இலங்கைக் கடலில் குறிப்பிட்ட தொலைவு வரை அனுமதிப்பது ஆகியவை அவர் முன்வைத்த வழிகள். இறையாண்மையையும் பிழைப்பையும் தனித்தனியே பிரித்து ஆராயலாம் என்பதை இவை காட்டின. தீவு யாருக்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்தாலும், மீன்வளம் குறைந்த கடலை இரு கரையினரும் எப்படிப் பகிர்வது என்ற கேள்வி எஞ்சியிருக்கும். பாதுகாப்பு என்ற சொல்லில் கடற்படையோடு மீனவரின் உயிரும் தொழிலும் அடங்கும் என்பதே இக்கடல் அத்துறைக்குத் தரும் பாடம்.