கரணமும் சட்டமும்

சட்டம் முந்தியதா, சமுதாயம் முந்தியதா என்னும் வினாவுக்குத் தமிழில் நமக்குக் கிடைத்துள்ள பழைய விடை தொல்காப்பியக் கற்பியலில் உள்ளது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்கிறது அந்நூல். கரணம் என்பது திருமணச் சடங்கு. பொய் என்பது செய்ததை மறைத்தல். வழு என்பது ஏற்ற நெறியில் இறுதிவரை நில்லாமை என்று உரையாசிரியர் விளக்குவர். களவில் ஒருத்தியோடு கூடியவன் அவளை அறியேன் என மறுக்கும்போது அவளுக்குச் சான்று வேண்டியிருந்தது. அச்சான்றே கரணம். முதலில் வாழ்க்கை, பின்னர் அதில் விளைந்த கேடு, அதன் பின்னரே விதி என்னும் வரிசை ஈண்டுக் கருதத்தக்கது.

அதே இயல் பிறிதொன்றும் கூறுகிறது. கொடுப்போர் இல்லாதபோதும், தலைவனும் தலைவியும் உடன்போக்கில் சென்றவிடத்தும், கரணம் உண்டு. பெற்றோர் இசைவு இல்லை என்பதற்காக அம்மணத்தை மணம் அன்று என இலக்கணம் ஒதுக்கவில்லை.

கரணத்தின் வடிவமும் என்றும் ஒன்றாக இருந்ததில்லை. அகநானூற்றின் 86ஆம் பாடலில் மகப்பெற்ற மகளிர் நால்வர் நீராட்டி வாழ்த்துகின்றனர். தீ வலம் இல்லை, புரோகிதர் இல்லை. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலிலோ முதிய பார்ப்பான் மறைவழி காட்டக் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். சமுதாயம் மாறியபோது சடங்கும் மாறியது. ஆயினும் ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்கள் இந்துத் திருமணத்தை இரண்டு அளவுகோல்களால் மட்டுமே அளந்தன. ஒன்று சாத்திரம் விதித்த சடங்கு. மற்றொன்று தொன்றுதொட்டு வந்த வழக்கம். புதிதாக ஒரு முறையைச் சமுதாயம் தோற்றுவிக்குமானால் அதற்கு இவ்விரண்டிலும் இடமில்லை.

இச்சூழலில்தான் 1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் தந்தை பெரியார் தலைமையில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. மணமக்கள் அவையோர் முன் ஒருவரையொருவர் துணையாக ஏற்றனர். தொடர்ந்து ஊர்தோறும் இத்தகைய மணங்கள் நடந்தன. சிக்கனம் என்றும் சடங்கு மறுப்பு என்றும் மட்டுமே இதனைக் கருதுவது முழு உண்மை ஆகாது. கன்னிகாதானம் என்ற சொல்லை நோக்குக. தந்தை கொடுக்கிறான், மணமகன் கொள்கிறான், பெண் கொடுக்கப்படுகிறாள். அத்தொடரில் அவள் செயப்படுபொருள். சுயமரியாதை மணத்திலோ, ‘நான் இவரை ஏற்கிறேன்’ என்று அவளே எழுவாயாக நின்று பேசுகிறாள். இம்மாற்றமே இவ்வியக்கம் செய்த பெரும்புரட்சி எனலாம்.

அன்றைய சட்டம் இதற்கு அளித்த மதிப்பு யாது? சீக்கியரின் ஆனந்த மணமுறைக்கு 1909ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் பிறந்துவிட்டது. ஆரிய சமாஜத்தார் மணங்களுக்கு 1937இல் சட்ட ஏற்பு கிடைத்தது. சுயமரியாதை மணத்துக்கு அத்தகைய சட்டம் ஏதும் இல்லை. பதிவுத் திருமணம் செய்துகொண்டிருக்கலாமே என்று இன்று சிலர் கேட்கக்கூடும். 1872ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், எம்மதத்தையும் சாராதவர் என்று உறுதி கூறச் செய்தது. 1923ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துக்களுக்கு வழிவிட்டதாயினும், அவ்வாறு மணந்தவர் கூட்டுக்குடும்பத்தினின்றும் பிரிந்தவராகவே கருதப்பட்டார்.

இதன் விளைவு 1953இல் வெளிப்பட்டது. 1930களில் நடந்த சுயமரியாதை மணம் ஒன்று சொத்துரிமை வழக்கின் வாயிலாகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. சாத்திரச் சடங்கும் இல்லை, வழக்கம் எனக் கொள்வதற்கேற்ற பழமையும் இல்லை. எனவே அம்மணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஊரறிய மணந்து, ஆண்டுக்கணக்கில் இல்லறம் நடத்தியவள் சட்டத்தின் கண்ணில் மனைவி ஆகவில்லை. அவள் ஈன்ற மக்கள் முறைப்படி பிறந்தோர் ஆகவில்லை. ஆணின் பெயருக்கும் உடைமைக்கும் இதனால் நேர்ந்த குறை ஏதுமில்லை. வாழ்வுரிமையும் வாரிசுரிமையும் ஆட்டங்கண்டது பெண்ணுக்கும் பிள்ளைகளுக்குமே. தொல்காப்பியர் காலத்தில் தலைவியைக் காக்க எழுந்த கரணம், இங்கே அவளைக் கைவிடுவதற்குக் காரணமாயிற்று என்பது வேதனைக்குரிய முரண்.

1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் மணமக்களுள் ஒருவரது மரபுச் சடங்கையே வேண்டிநின்றது. 1967இல் பேரறிஞர் அண்ணா முதலமைச்சரான பின்னரே நிலைமை மாறியது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 சனவரி 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நடந்த சுயமரியாதை மணங்களும் செல்லும் என்று அப்பிரிவு அறிவித்தது. சுக்கிலநத்தத்திலிருந்து இந்நாள்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் மணந்த பெண்கள், சட்டத்தின் துணை இன்றி, தம் சொல்லின் துணையை மட்டுமே நம்பி வாழ்ந்தனர்.

அப்பிரிவின் சொல்லமைதி தமிழ் பயின்றோர் கருத்தை ஈர்க்க வல்லது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தமக்கு விளங்கும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறலாம். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றுள் ஒன்றே போதும். இவ்விடங்களில் ‘அல்லது’ நீங்கி எண்ணும்மை வந்திருக்குமானால் தாலி கட்டாயமாகியிருக்கும். ஓர் இடைச்சொல்லில் ஒரு தலைமுறையின் உரிமை தங்கியிருக்கிறது. நம்மிற் பலர் மணமேடைகளில் வாழ்த்துப்பா வாசிப்பவர்கள். மணமக்கள் தாய்மொழியில் கூறும் ஓர் எளிய வாக்கியமே அங்கே சட்டப்படியான கரணம் என்பதை நாம் மறத்தலாகாது.

சட்டம் வந்ததனால் கதை முடிந்துவிடவில்லை. இப்பிரிவின்படி நடக்கும் மணத்துக்கு ஏழடி நடத்தல் வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் 2001இல் தெளிவுபடுத்தியது. ஆயினும் வழக்கறிஞர் அலுவலகத்தில் மறைவாக நடக்கும் மணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் கூறியது. பலரறிய நடத்தலே மணம் என்பது அதன் கருத்து. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் இதனை மறுத்தது. குடும்பத்தின் எதிர்ப்புக்கும் உயிருக்கும் அஞ்சுவோரால் மணத்தைப் பறைசாற்ற இயலாது. அவர்களைக் கட்டாயப்படுத்துவது உயிருக்கே கேடாகலாம் என்று அத்தீர்ப்பு சுட்டியது. வழக்கறிஞர்களும் நண்பர் என்ற நிலையில் இத்தகைய மணத்தை நடத்திவைக்கலாம் என்றும் கூறியது.

இந்த இடத்தில் வரலாறு தலைகீழாகி நிற்பதைக் காண்கிறோம். 1928இல் சமுதாயத்தின் ஒரு பகுதி முன்னே நடந்தது, சட்டம் பின்தங்கியது. இன்று சட்டம் முன்னே நிற்கிறது. சாதியின் பெயரால் பெற்ற மகளையே பகையாகக் கருதும் சமுதாயம் பின்தங்கியுள்ளது. சட்டம் ஒரு மணத்தைச் செல்லத்தக்கது என்று சொல்லும். அம்மணமக்களை வீட்டு வாயிலில் நின்று வரவேற்பது சட்டத்தால் இயலாது. அது மனிதர் செய்ய வேண்டிய வேலை.

உடன்போக்குச் சென்ற இருவர்க்கும் இலக்கணம் இடம் தந்தது. சங்கப் புலவர் அவர்தம் வழிநடையைப் பாடினர். மகளைத் தேடிச் சென்ற செவிலியின் கண்ணீரையும் பாடினர். அவ்விருவரை வெட்டி வீழ்த்துவதைப் புகழ்ந்து பாடவில்லை. அந்த மரபுக்கு உரியோர் நாம் எனில், கொடுப்போர் இன்றி மணந்து வருவோர்க்கு வாழ்த்துச் சொல்லும் முதற்குரல் நம்முடையதாதல் வேண்டும்.